கார் கூரையில் எவ்வளவு வெயில் பிடிக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மின்சாரக் கார்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், "கூரையிலேயே சோலார் பேனலை ஒட்டிவிட்டால் சார்ஜ் போடும் வேலையே இல்லையே, ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்?" என்ற கேள்வியும் எழுகிறது. யாரும் எதையும் அமுக்கி வைக்கவில்லை. பற்றாக்குறை அறிவிலோ பணத்திலோ இல்லை, இடத்தில்தான்.

மேகமில்லாத உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1,000 வாட். நல்ல பேனல் அதில் 22 சதவீதத்தை மின்சாரமாக்கும். சாதாரண கார் கூரையில் 2 சதுர மீட்டர் தேறும். ஆக 440 வாட். அதே கார் 60 கி.மீ. வேகத்தில் ஓட 7 கிலோவாட் வேண்டும், 100 கி.மீ. என்றால் 15க்கு மேல்.

சரி, நாள் முழுக்க வெயிலில் நிறுத்தி வைப்போம். 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகக் கிடைத்தால் 2.2 யூனிட். இது காகிதக் கணக்கு. பேனலின் திறனை அளப்பது, ஒளியை மின்சாரமாக்கும் அதன் செல்கள் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது. நிற்கும் காரின் மேல் செல்கள் 65 டிகிரிக்குப் போகும், டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 14 சதவீதம் அங்கேயே போச்சு. கூரை வளைந்தது வேறு. செல்கள் தொடரிணைப்பில் இருப்பதால், சரிவில் குறைந்த ஒளி வாங்கும் செல் எவ்வளவு மின்னோட்டம் தருகிறதோ அவ்வளவுதான் வரிசை முழுவதும் ஓடும். ஒரு கிளையின் நிழலோ காக்கை எச்சமோ போதும், அந்த வரிசை படுத்துவிடும். பைபாஸ் டையோடு என்ற சிறு மின்பாகம் அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போக வழிவிடுமே தவிர, இழந்ததைத் தராது. பேனலின் குறைந்த வோல்டேஜைப் பெரிய பேட்டரியின் அளவுக்கு ஏற்றும்போது கொஞ்சம் கழியும். சார்ஜ் ஏறும்வரை காரின் கட்டுப்பாட்டுக் கருவிகள் விழித்திருக்கவும் மின்சாரம் வேண்டும். மிஞ்சுவது ஒன்றரை யூனிட், அதாவது 10 கி.மீ. வெயிலில் நின்று அடுப்பாகிப்போன காரைக் குளிர்விக்க ஏசி முதல் கால் மணி நேரத்திலேயே அதில் அரை யூனிட்டைத் தின்றுவிடும் என்பதுதான் வேடிக்கை.

ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டுவரை 3,000 கி.மீ. சோலார் கார்கள் ஓடுகின்றனவே என்பார்கள். ஓடுகின்றன, 1987 முதல். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மீன் போல் ஒடுங்கிய, ஓட்டுநர் ஒருவர் மட்டும் காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளும், ஏசி இல்லாத பந்தய வண்டிகள்.

விமானத்தில் தேவைக்கும் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரிது. ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தின் இறக்கைப் பரப்பு 122 சதுர மீட்டர். காற்று மெலிந்த உயரத்தில் சதுர மீட்டருக்கு 1,300 வாட் என்று தாராளமாக வைத்தாலும் 35 கிலோவாட்தான் வரும். உயரத்தில் சீராகப் பறக்கவே அதற்கு ஏறத்தாழ 9,000 கிலோவாட் தேவை. விழும் ஒளி முழுவதையும் மின்சாரமாக்கும் செல் நாளையே வந்தாலும் 160 கிலோவாட்டைத் தாண்டாது.

உலகைச் சுற்றிய சோலார் இம்பல்ஸ் 2 என்ற சூரிய மின்விமானம் இந்தக் கணக்கை மீறவில்லை, அதற்குப் பணிந்துதான் பறந்தது. 72 மீட்டர் இறக்கை, 17,248 செல்கள், மொத்த எடை 2.3 டன், அதில் பேட்டரி மட்டும் 633 கிலோ. ஏறியவர் ஒரே ஒருவர். 2015இல் ஜப்பானின் நகோயாவிலிருந்து ஹவாய் சேர 118 மணி நேரம் ஆனது. வழியில் பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சூடேறிக் கெட்டுப்போக, அடுத்த ஏப்ரல் வரை அங்கேயே நின்றது. ஆளில்லாமல், எடை 75 கிலோவுக்குள், மேகங்களுக்கு மேலே மெதுவாக வட்டமிடும் செபிர் என்ற விமானம் போன்றவற்றுக்கு இதே தொழில்நுட்பம் கச்சிதமாகப் பொருந்துகிறது. 2022இல் அது 64 நாள் இறங்காமல் பறந்தது.

காருக்குச் சூரிய மின்சாரம் வேண்டுமென்றால் பேனலை வீட்டுக் கூரையில் வையுங்கள். தினம் 40 கி.மீ. ஓட்டுபவருக்கு சார்ஜ் இழப்பும் சேர்த்து 7 யூனிட் போதும். நிழல் விழாத 10 சதுர மீட்டர், அடியில் காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி, 2 கிலோவாட் பேனல். பகலில் கார் வெளியே போய்விடும் வீடுகளில், அந்த மின்சாரத்தை மின்வாரியக் கம்பியில் விட்டு இரவில் திரும்ப எடுக்க இருவழி மீட்டர் தேவைப்படும்.

இப்படிக்கு,
ஒரு மின்பொறியாளர்