ஒரு ஸ்பூன் உப்பு கொடுத்து அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் வியாழக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன் சமையல் உப்பு கொண்டுவர வேண்டும். சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தால் போதும். உப்புக்கெல்லாமா ஒரு கடிதம் என்று தோன்றும். விஷயம் இருக்கிறது: அந்த உப்பில் அயோடின் என்ற சத்து இருக்கிறதா என்று வகுப்பில் சோதிக்கப் போகிறோம்.

அறிவியல் வகுப்பில் இப்போது சத்துக்குறைபாடு பற்றிய பாடம் நடக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டும் இரும்புச்சத்து, அயோடின், வைட்டமின் ஏ போன்றவை கிடைக்காமல் போவது வளரும் நாடுகளில் பெரிய பிரச்சினை. பசித்த பிள்ளை அழும், கேட்கும். அயோடின் போதாத பிள்ளை எதுவும் கேட்காது. வகுப்பில் மந்தமாக உட்கார்ந்திருக்கும். ‘கவனம் இல்லை’ என்று ஆசிரியர்கள் நாங்களே திட்டிவிடவும் கூடும்.

இத்தனைக்கும் தேவைப்படுவது துளிதான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின், 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 120. எழுபது வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தாலும் 4 கிராம் வராது. ஆனால் அதை உடம்பு நீண்ட காலத்துக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளாது, விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். மண்ணில் அயோடின் குறைவாக உள்ள இடங்களில் விளையும் உணவிலும் அது குறைவாகவே இருக்கும்.

1917இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் டேவிட் மரைன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பள்ளி மாணவிகளுக்கு அயோடின் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் குறைவால் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி வீங்கும் கழுத்துக் கழலை வருவது வெகுவாகக் குறைந்தது. 1922இல் சுவிட்சர்லாந்திலும் 1924இல் மிச்சிகன் மாநிலத்திலும் அயோடின் கலந்த உப்பு விற்பனைக்கு வந்தது. இதில் பள்ளிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அது ஏன் உப்பு? காய்கறியும் பழமும் எட்டாத ஊருக்கும் உப்பு போய்விடும். பணக்காரர், ஏழை எல்லோரும் வாங்குவார்கள், தினமும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுவார்கள். விளைவதும் சில இடங்களில்தான் என்பதால் அங்கேயே கலந்துவிடலாம். யோசனை அவ்வளவு எளிது. சிக்கல் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. கலந்த உப்பைத் திறந்த சாக்கில் கட்டி, மழையில் நனையவிட்டு, ஈரக் கிடங்கில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் அயோடின் குறைந்துகொண்டே போகும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் அயோடைடு என்ற அயோடின் சேர்மத்துக்குப் பதிலாக அதைவிட நிலையான இன்னொரு சேர்மமான பொட்டாசியம் அயோடேட்டைக் கலக்கச் சொல்வது இதனால்தான். சிறு உற்பத்தியாளர்களிடம் கலக்கும் இயந்திரமோ சோதிக்கும் வசதியோ இருப்பதில்லை. அவர்களை அபராதம் போட்டு வழிக்குக் கொண்டுவர முடியும் என்று நான் நினைக்கவில்லை. கலப்பதற்கு வேண்டிய பொருள் அவர்கள் கைக்கு ஒழுங்காக வந்து சேர வேண்டும்.

மற்ற உணவுகளுக்கும் இதே கதைதான். எண்ணெயில் வைட்டமின் ஏ சேர்க்கலாம். ஒளி ஊடுருவும் பாட்டிலில் வெளிச்சத்தில் வைத்தால் அது சிதையும். செறிவூட்டிய அரிசி பற்றிச் சில பெற்றோர் என்னிடம் பயந்து கேட்டிருக்கிறீர்கள். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்பும் வைட்டமின்களும் கலந்து, அரிசி வடிவில் அழுத்தி எடுத்து, பெரும்பாலும் 100 மணிக்கு 1 மணி என்ற கணக்கில் சாதாரண அரிசியில் சேர்க்கிறார்கள். பார்வைக்குச் சற்று வித்தியாசமாகத் தெரிவதால், சத்துள்ள அந்த மணிகளையே பொறுக்கி எறிபவர்களும் உண்டு!

சரி, சோதனைக்கு வருகிறேன். உப்பின் மேல் ஸ்டார்ச் உள்ள கரைசலை ஒரு சொட்டு விடுவோம். அயோடேட் இருந்தால் நீலமோ ஊதாவோ ஆகும். நிறம் வராவிட்டால் விற்றவரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். சில உப்பில் அயோடைடு கலந்திருப்பார்கள், அது இந்தக் கரைசலில் தெரியாது. நிறம் வந்தாலும் எவ்வளவு இருக்கிறது என்று இது துல்லியமாகச் சொல்லாது. பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியதில் அதுவும் ஒன்று.

பொட்டலத்தில் பெயர் எழுத வேண்டாம். எந்த வீட்டு உப்பு எப்படி என்று வகுப்பில் பேச்சு வரக் கூடாது. மூடிய டப்பாவில் இருந்ததா, திறந்த பாத்திரத்தில் இருந்ததா என்று மட்டும் குறித்து அனுப்புங்கள். (என் வீட்டில் போன மாதம்வரை அடுப்புக்குப் பக்கத்தில், மூடியில்லாத கிண்ணத்தில்தான்.) அயோடின் நல்லது என்பதற்காக உப்பைக் கூட்டிப் போட வேண்டாம், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான்.

சோதனை இரண்டாவது பாடவேளையில் நடக்கும். பார்க்க விரும்பும் பெற்றோர் வரலாம். புதன்கிழமைக்குள் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாற்காலி போட்டு வைப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்