ஸ்பிரிங் மாற்றுவதற்கு முன் டயரைப் பார்

அன்பு மகளுக்கு,

உன் சூப்பர்காரைப் பற்றி எழுதிய கடிதம் கிடைத்தது. வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது, காலையில் முதல் பிரேக் மரக்கட்டை மாதிரி இருக்கிறது, டிராக்கிலிருந்து (பந்தயத் தடத்திலிருந்து) திரும்பும் வழியில் ஸ்டியரிங் உதறுகிறது, நெரிசலில் கியர்பாக்ஸ் இடிக்கிறது என்று நான்கு குறை எழுதியிருக்கிறாய். கூடவே, ஸ்பிரிங் மாற்றலாமா, எக்ஸாஸ்ட் மாற்றலாமா என்று ஒரு கேள்வி. இப்போதைக்கு ஒரு போல்ட்டைக்கூட மாற்றாதேம்மா. முதல் மூன்றும் பெரும்பாலும் அந்த நேரத்தில் டயரும் பிரேக்கும் எந்தச் சூட்டில் இருந்தன என்பதைப் பொறுத்தவை. நான்காவது உன் வலது காலைப் பொறுத்தது.

டயரிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் வண்டியில் இருப்பது கப் வகை டயர். டிராக்குக்காகச் செய்து, சாலையிலும் ஓட்ட அனுமதி வாங்கிய ரப்பர் அது. புது டயரின் மேல்தோலில், அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய பொருளின் மிச்சம் இருக்கும். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வரை முழுப் பிடிப்பு வராது. அது தேய்ந்த பிறகும் குளிரில் இந்த ரப்பர் விறைத்துக்கொள்ளும். வெளியே 7 டிகிரிக்குக் கீழே போனால் இதைவிடச் சாதாரணக் காரின் டயர் நன்றாகப் பிடிக்கும். மழையில் இன்னும் மோசம். பள்ளங்களின் ஆழம் குறைவு, டயரின் அகலம் அதிகம். 305 மில்லிமீட்டர் அகலப் பின் டயர் தேங்கிய தண்ணீரின் மேல் ஏறி மிதக்கப் பெரிய வேகம் வேண்டியதில்லை. ஈரச் சாலையில் அந்த எழுநூறு குதிரைத்திறனை மறந்துவிட்டு ஓட்டு.

இனி காற்றழுத்தம். டயருக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 6 டிகிரி சூடேறினால் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. கூடும். டிராக்கில் நான்கைந்து லேப் (சுற்று) வேகமாகப் போனால் உள்காற்று 50 டிகிரி ஏறுவது சாதாரணம். குளிர்ந்த நிலையில் 30 வைத்துக் கிளம்பியிருந்தால் 37, 38-க்குப் போய் நிற்கும். அப்போது டயரின் நடுப்பகுதி புடைத்து, சாலையைத் தொடும் பரப்பு சுருங்கிவிடும். முன்பக்கம் தள்ளுகிறது என்று நீ சொல்வதில் பாதி இதுவாகத்தான் இருக்கும். நீ எழுதியதைப் பார்த்தால், சாலைக்கான அழுத்தத்தோடேயே டிராக்கில் இறங்கியிருக்கிறாய்.

கையேட்டில் டிராக்குக்கென்று தனி எண் போட்டிருப்பார்கள். அது சூடான நிலைக்கான எண்ணா, குளிர்ந்த நிலைக்கா என்று முதலில் பார். சூடான எண் என்றால் இப்படிச் செய்: ஒரு லேப் நிதானமாகப் போய்ச் சூடேற்று, மூன்று லேப் வேகமாகப் போ, நேராகப் பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடம்) வந்து இரண்டு நிமிடத்துக்குள் நான்கு டயரையும் நல்ல கேஜ் வைத்து அளந்து, கூடுதலை வெளியேற்று. டாஷ்போர்டில் தெரியும் எண் மெதுவாகத்தான் மாறும், முழு எண்ணாக்கியும் காட்டும்; அதை நம்பி இந்த வேலையைச் செய்யாதே. வலப்புற வளைவுகள் அதிகமான டிராக்கில் இடப்பக்க டயர்கள் அதிகம் சூடாகும். அதனால் நான்கும் ஒரே அளவில் இருக்காது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக இலக்குக்குக் கொண்டுவா. மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்பக் காற்றடிக்க மறந்துவிடாதே. சூட்டில் 32 என்று வைத்த டயர் குளிர்ந்ததும் 25-க்கு இறங்கியிருக்கும். அந்த அழுத்தத்தில் நெடுஞ்சாலையில் நூற்றுக்கு மேல் ஓட்டினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகி டயர் கெட்டுப்போகும்.

குத்திப் பார்க்கும் முனையுள்ள டயர் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள். தூரத்திலிருந்து காட்டும் அகச்சிவப்பு வகை மேல்தோலை மட்டும்தான் சொல்லும். அது பிட்டுக்குள் வருவதற்குள்ளேயே ஆறிவிடும். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் குத்திப் பார். நடு மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் சூடு, நடு குறைவு என்றால் காற்று போதவில்லை. உள் ஓரம் வெளியைவிடச் சில டிகிரி கூடுதலாக இருப்பது சரிதான். வெளி ஓரம்தான் அதிகம் சுடுகிறது, அங்கேதான் ரப்பர் சிதைகிறது என்றால் முன்சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது) போதவில்லை என்று பொருள். அப்போது அலைன்மென்ட்டைத் தொடலாம், அதுவும் தயாரிப்பாளர் அனுமதித்த எல்லைக்குள். ஸ்பிரிங்கைப் பற்றிய பேச்சு அதற்கும் பிறகு.

தள்ளுவதில் மீதிப் பாதி ஓட்டும் விதம். நடுவில் எஞ்சின் வைத்த வண்டியில் எடையில் ஐந்தில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்பக்கம் இருக்கும். பிரேக்கை முழுவதுமாக விட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்டயரை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை. அது வழுக்கத்தான் செய்யும். நேர்கோட்டில் பெரிய பிரேக்கை முடித்துவிட்டு, திருப்பும்போது கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வைத்து, வளைவின் உள்முனை வரை அதைக் கரைத்துக்கொண்டே போ. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடாதே. எடை முன்னுக்குப் பாயும், பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். தொழிற்சாலையில் வேண்டுமென்றே முன்பக்கம் முதலில் வழுக்கும்படி அமைத்து அனுப்புவது அதற்காகத்தான்.

பிரேக்குக்கு வருவோம். கார்பன் செராமிக் டிஸ்க்கை 2001-ல் போர்ஷே தன் 911 ஜி.டி.2-வில் போட்டதிலிருந்து இந்த வகை வண்டிகளில் அது பரவிவிட்டது. இரும்பு டிஸ்க்கின் எடையில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் குளிர்ந்த நிலையிலும், வண்டி கழுவிய பிறகும் முதல் அழுத்தத்துக்குப் பிடிப்பு சற்றுத் தாமதமாகும், கீச்சிடும். கழுவி முடித்ததும் ஆளில்லாத இடத்தில் இரண்டு மூன்று முறை மெதுவாக அழுத்தி ஈரத்தைக் காயவைத்துவிட்டு நிறுத்து. சக்கரத்துக்கு அமிலம் கலந்த கிளீனர் வேண்டாம்.

டிராக்கில் அந்த டிஸ்க் என்ன வேலை செய்கிறது என்று கணக்குப் பார். ஆளோடு சேர்த்து 1,500 கிலோ வண்டி, மணிக்கு 250 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு இறங்குகிறது என்று வை. கழற்ற வேண்டிய ஆற்றல் சுமார் 32 லட்சம் ஜூல். ஒன்பது லிட்டருக்கு மேல் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கப் போதும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் சில நொடிகளில் டிஸ்க்குக்குள் போகிறது, ஒவ்வொரு லேப்பிலும். அந்தச் சூடு டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் வழியாக, பேட்டை அழுத்தும் காலிப்பருக்கும், அங்கிருந்து பிரேக் ஃப்ளூயிடுக்கும் இறங்கும். டாட் 4 என்ற தரத்து ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரம் உறிஞ்சிய பிறகு 155 என்பது விதி. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டிராக்குக்குப் போகிற வண்டி என்றால் வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்று, 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ள ரேஸ் வகையைப் போட்டுக்கொள். டாட் 5 என்று எழுதியிருக்கும் சிலிக்கான் வகையைப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதே. பேட் பாதி தேய்ந்ததும் டிராக் வேலைக்கு முடிந்தது என்று வை, மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காது.

இன்னொன்று. டிராக்கின் ஓர மேடான கர்ப் மேல் ஏறி இறங்கினால் டிஸ்க் அதிர்ந்து பேட்டைப் பின்னால் தள்ளிவிடும். அடுத்த பிரேக்கில் பெடல் வழக்கத்தைவிட நீளமாகப் போகும். பதறாதே, ஃப்ளூயிட் கொதிக்கவில்லை. நேர்ப்பாதையில் இடது காலால் பெடலை லேசாக ஒரு தட்டு தட்டினால் பேட் திரும்ப வந்துவிடும். இரண்டாவது அழுத்தத்திலும் பெடல் பஞ்சாகவே இருந்தால் மட்டும் பிட்டுக்கு வா.

கடைசி லேப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாகப் போய்ச் சூடு ஆறட்டும். டர்போவுக்கும் அது தேவை. நிறுத்தியதும் பார்க்கிங் பிரேக் போடாதே; சில வண்டிகள் எஞ்சினை அணைத்ததும் தானாகவே போட்டுவிடும், அதை எப்படித் தடுப்பது என்று கையேட்டில் முன்கூட்டியே பார்த்து வை. சக்கரத்துக்குக் கட்டை கொடு.

திரும்பும் வழியில் ஸ்டியரிங் உதறியதே, அது டிஸ்க் வளைந்ததால் இல்லை. சூடான டயரோடு மெதுவாக வரும்போது டிராக் ஓரத்தில் சிந்திக் கிடக்கும் ரப்பர் துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும். டயரைக் கையால் தடவிப் பார், கட்டிகட்டியாக இருக்கும். கொஞ்ச தூரம் ஓடினால் பெரும்பாலும் தேய்ந்து போய்விடும், பிடிவாதமாக இருந்தால் சுரண்டி எடு. அதன் பிறகும் உதறினால்தான் பேலன்ஸ் பார்க்க வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸை அணைத்துப் பார்க்க ஆசை என்று எழுதியிருக்கிறாய். இப்போது வேண்டாம். ஆனால் டாஷ்போர்டில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு ஒவ்வொரு வளைவிலும் மின்னுகிறது என்றால் அதையும் கவனி. அந்த அமைப்பு உனக்குத் தெரியாமல் பின்சக்கரப் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. அப்படி ஒரு நாள் ஓட்டினால் பின் பேட் முன்பேட்டுக்கு முன்னால் கரைந்துவிடும். விளக்கு மின்னாமல் லேப் போகப் பழகு. கரடுமுரடான சாலையில் எஞ்சினை ஸ்போர்ட்டில் வைத்துக்கொண்டு டேம்பரை (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகம்) மட்டும் மென்மையாக்கலாம். மெக்லாரனில் இதற்கென்றே இரண்டு தனித்தனிச் சுவிட்சுகள் உண்டு, ஃபெராரியில் அதற்கு ஒரு பொத்தான். உன் வண்டியிலும் ஏதாவது வழி இருக்கும், தேடு.

கியர்பாக்ஸ் இடிப்பது இரட்டைக் கிளட்சின் இயல்பு. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊரவிட்டால் கிளட்ச் வழுக்கிக்கொண்டே சூடாகும். முன்வண்டியிலிருந்து இடைவெளி விட்டு நில், இடம் கிடைத்ததும் ஒரே மூச்சில் போய் மறுபடி நில். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் பிடித்து நிற்காதே, செங்குத்தான ஏற்றத்தில் ரிவர்ஸ் ஏறுவதையும் கூடியமட்டும் தவிர்.

ரன்னிங் இன் (புது எஞ்சின் பழகும் காலம்) முடியும் வரை, நின்ற இடத்திலிருந்து முழுவேகத்தில் பாயவைக்கும் லாஞ்ச் கன்ட்ரோல் கிடையாது, கையேடு சொல்லும் ஆர்.பி.எம்.-மைத் தாண்டக் கூடாது. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதும் ஆகாது. வண்டியின் நினைவகத்தில் ஆர்.பி.எம். எல்லை மீறிய ஓவர் ரெவ்வும் லாஞ்சும் பதிவாகும்; வாரன்டி கேட்கும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கூலன்ட் சில நிமிடத்தில் சூடாகிவிடும், ஆயிலுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். ஆயில் வெப்பத்தைப் பார்த்த பிறகே வேகமாகப் போ. டிரை சம்ப் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும்) எஞ்சின் என்பதால் ஆயில் அளவைச் சமதளத்தில், சூடான எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்துவிட்டுக் குறைவு என்று ஊற்றினால் அளவு மீறிப் போகும். டிராக்கில் எரிபொருள் கால் டேங்குக்கு இறங்க விடாதே. நீண்ட வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும்.

சக்கரம் கழற்றுவதை அருகில் நின்று பார். செராமிக் டிஸ்க்கின் விளிம்பில் ரிம் ஒரு முறை இடித்தால் சில்லு தெறிக்கும், மாற்றுவதைத் தவிர வழியில்லை. போல்ட் வகை என்றால் வழிகாட்டும் முளையைத் திருகிவிட்டுத்தான் ரிம்மைத் தூக்க வேண்டும். நடுவில் ஒரே நட் உள்ள வகைக்குச் சாதாரண டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து திருகும் கருவி) போதாது, போர்ஷே ஜி.டி.3-க்கு 600 நியூட்டன் மீட்டர் தேவை. போல்ட் வகையில், முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஆறவிட்டு மறுபடி இறுக்கம் பார்.

சாலைக்கு வேண்டியது கொஞ்சம்தான். வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தும் லிஃப்ட் பொத்தானை ஸ்பீடு பிரேக்கருக்கு வந்து நின்ற பிறகு அழுத்தாதே, அது உயரச் சில நொடி பிடிக்கும். கொஞ்சம் முன்னதாகவே அழுத்தி, முடிந்தால் குறுக்குச்சாய்வாக ஏறு. ஒட்டும் டயர் கல்லை அள்ளிப் பின்சக்கர வளைவின் முன்பகுதியில் அடிக்கும், பெயின்ட் பாதுகாப்புப் படலம் அங்கேயும் வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஓட்டாமல் விடுவாயானால் பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டு. லித்தியம் பேட்டரி என்றால் லித்தியத்துக்கான சார்ஜர்தான்.

டிராக்குக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று பாலிசியில் எழுத்தில் பார், பெரும்பாலான சாதாரண பாலிசிகளில் கிடையாது. ஹெல்மெட் கார் வகை, தீயைத் தாங்கும் எஸ்.ஏ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். பைக் ஹெல்மெட்டுக்கு அந்தச் சோதனை இல்லை.

அடுத்த முறை போகும்போது நான்கு டயரின் குளிர்ந்த அழுத்தம், சூடான அழுத்தம், மூன்று இடத்து வெப்பம், அன்றைய வெளிவெப்பம் எல்லாவற்றையும் குறித்து அனுப்பு. ஸ்பிரிங்கைப் பற்றி அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம். எக்ஸாஸ்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், இப்போதே போதுமான சத்தம்.

அன்புடன்,
அப்பா