திங்கட்கிழமை பூச்சி மாத்திரை: யூகேஜி பெற்றோர் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை தேசிய குடற்புழு நீக்க நாள். காலை 11 மணிக்கு வகுப்பிலேயே அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரை கொடுக்கிறார்கள்.

1. வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம். இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

2. மாத்திரையை நன்றாக மென்றுதான் விழுங்க வேண்டும். அப்படியே விழுங்கினால் இந்த வயதில் தொண்டையில் சிக்கிக்கொள்ளலாம். வீட்டிலேயே சொல்லி வையுங்கள்.

3. காய்ச்சல், வாந்தி இருந்தாலோ வேறு மருந்து சாப்பிட்டாலோ எனக்குத் தனியாக எழுதுங்கள், மிஸ்ஸிடம் சொல்லிவிடுகிறேன். விடுபட்டவர்களுக்கு 17ஆம் தேதி உண்டு.

4. வயிற்றில் பூச்சி அதிகம் இருந்தால் லேசான வயிற்றுவலி, குமட்டல் வரலாம். கொஞ்சம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள், 104 மருத்துவ உதவி எண்ணிலும் கேட்கலாம்.

5. அப்புறம், ஞாயிறன்றே நகம் வெட்டிவிடுங்கள். நக இடுக்கில் அழுக்கு இருந்தால் மாத்திரை போட்டும் பூச்சி திரும்ப வரும்.

ஞாயிறு இரவு 8 மணிக்குள் பிள்ளையின் பெயருடன் ‘சரி’ என்று போடுங்கள். அதுவரை குட்மார்னிங் படங்கள் வேண்டாமே, பதில்கள் அதற்கடியில் புதைந்துபோகின்றன.