ஆங் ஓடிப்போனவன், அப்படியே இருக்கட்டும்

நெட்ஃப்ளிக்ஸின் ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரை எழுதுகிறவர்களுக்கும், அதன் பொறுப்பை இப்போது ஏற்றிருக்கும் கிறிஸ்டின் பாய்லன், ஜப்பார் ரைசானி இருவருக்கும்,

வணக்கம்.

முதல் சீசனை என் அக்கா மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். அவனுக்குப் பத்து வயது. பழைய கார்ட்டூனை அவன் பார்த்ததில்லை. உங்கள் தொடர் வழியாகவே அந்த உலகத்துக்குள் போகட்டும் என்று நான்தான் காட்டாமல் வைத்திருந்தேன். 2024 பிப்ரவரி 22-ல் வெளியானது. அந்தச் சனி, ஞாயிறில் எட்டு எபிசோடையும் முடித்துவிட்டோம். ஆங் ஏறிப் பறக்கும் காட்டெருமை ஆப்பா வானத்தில் எழும்பியபோது பையன் பாயை விட்டு எழுந்தே நின்றுவிட்டான். அவ்வளவு சந்தோஷம். ஆனால் நடுவில் ஓரிடத்தில், கதையின் நாயகன் ஆங் மறுபடியும் அழிந்துபோன தன் மக்களை நினைத்துக் கண் கலங்கியபோது, என் பக்கம் திரும்பிக் கேட்டான்: “மாமா, இவன் என்ன தப்பு செஞ்சான்? சும்மா காத்து வாங்கத்தானே போனான்? புயல் வந்தா அவன் என்ன செய்வான்?”

எனக்கு வாயில் பதில் வரவில்லை. அவன் கேட்டது நியாயம். இந்தக் கடிதத்தை எழுத வைத்ததும் அந்தக் கேள்விதான்.

கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆங் செய்த தப்பு தெரியும். 2005-ல் நிக்கலோடியனில் தொடங்கிய அந்தத் தொடரின் பன்னிரண்டாவது எபிசோடு, ‘தி ஸ்டார்ம்’. உலகத்தைக் காக்கப் பிறந்த அவதார் தான்தான் என்று ஆங்குக்குத் தெரிந்த நாளிலிருந்து கூட விளையாடிய பையன்கள் அவனை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. நீ எந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் ஜெயித்துவிடும், அது நியாயமில்லை என்கிறார்கள். அவனைச் சின்னப் பையனாகவே நடத்தி, உட்கார்ந்து பாய் ஷோ என்ற பலகை ஆட்டம் ஆடுகிற ஒரே பெரியவர், அவனை வளர்த்த துறவி கியாட்சோ. அவரிடமிருந்தும் பிரித்து வேறொரு கோயிலுக்கு அனுப்ப மூத்த துறவிகள் முடிவெடுப்பதை அவன் ஒளிந்து நின்று கேட்டுவிடுகிறான். ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு ஆப்பா மேல் ஏறிப் போய்விடுகிறான். உன்னை யாரும் கொண்டுபோக விடமாட்டேன் என்று சொல்லத்தான் கியாட்சோ அந்த அறைக்கு வருகிறார். அறை காலி. கடிதம் மட்டும் கிடக்கிறது.

பிறகு ஃபயர் நேஷன் என்ற எதிரி நாட்டின் படை வந்து ஆங்கின் மக்களையே பூண்டோடு அழித்தது. புயலில் கடலுக்குள் விழுந்து, நூறு வருஷம் பனிக்கட்டிக்குள் கிடந்து வெளியே வந்த பையன், தன்னை வளர்த்தவரை எலும்புக்கூடாகத்தான் பார்க்கிறான்.

பன்னிரண்டு வயதுப் பையன் பயந்து ஓடியதற்காக யாரும் அவனைக் குறை சொல்லப் போவதில்லை. அவனால்தான் தன்னை மன்னிக்க முடியவில்லை. 61 எபிசோடு ஓடிய கதையின் அடி முடிச்சு அங்கேதான் இருக்கிறது. உங்கள் தொடரில் கியாட்சோவே விஷயத்தை அவனிடம் சொல்கிறார், அவன் மனசு சரியில்லாமல் ஆப்பாவோடு ஒரு சுற்றுப் போய்வரக் கிளம்புகிறான், புயலில் மாட்டிக்கொள்கிறான். முடிச்சை நீங்களே அவிழ்த்துவிட்டீர்கள். அதன்பின் எட்டு எபிசோடும் அவன் அழுகிற அழுகைக்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது.

நீங்கள் உழைக்கவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. வெளியான நான்கே நாளில் 2.12 கோடி பார்வைகள் வந்ததாக நெட்ஃப்ளிக்ஸ் சொன்னது. மார்ச் 6-ல் அடுத்த இரண்டு சீசன்களுக்கும் அனுமதி வந்தது. அத்தனை பேர் வந்து பார்த்ததற்குப் பின்னால் ஒரு பெரிய பயமும் இருந்தது. இதே கதையை வைத்து 2010-ல் வந்த திரைப்படத்தை நாங்கள் யாரும் மறக்கவில்லை. எம். நைட் ஷியாமளன் புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்தவர். நம் பக்கத்தில் பிறந்தவர் எடுக்கிறார் என்று ஆசையாகக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். இருபது எபிசோடை 103 நிமிடத்தில் அடைத்து, ஆங் என்ற பெயரைக்கூட ‘ஓங்’ என்று மாற்றிக் கூப்பிட்டார்கள். ஆசிய முகங்களும் வடதுருவப் பூர்வகுடிச் சாயலும் கொண்ட கதையின் நாயகர்களுக்கு வெள்ளைக்கார நடிகர்களைப் போட்டதை எதிர்த்து ரசிகர்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். இந்தத் தொடருக்கும் மூலக் கதையை உருவாக்கிய மைக்கேல் டிமார்ட்டினோவும் பிரையன் கோனியட்ஸ்கோவும் வந்தார்கள்; கதை போகும் திசை தங்கள் கையில் இல்லை என்று 2020-ல் விலகிவிட்டார்கள். அன்றிலிருந்து வெளியான நாள்வரை பழைய ரசிகர்களின் வயிற்றில் கலக்கம்தான்.

அந்தக் கலக்கத்தை நீங்கள் பாதி போக்கினீர்கள். ஆங்கைப் பனியிலிருந்து மீட்கும் கட்டாராவாக ஒரு மோஹாக் பூர்வகுடிப் பெண் நிற்கிறாள், கியாவென்டியோ. ஆங்கைத் துரத்தும் ஃபயர் நேஷன் இளவரசன் ஸூக்கோவாக வந்த டாலஸ் லியூ கோபப்படும்போதெல்லாம் அந்தக் கோபத்துக்குள் ஒரு அடிபட்ட பிள்ளை தெரிகிறான். முக்கியமாக அந்த நாற்பத்தொன்றாம் படைப்பிரிவு. கார்ட்டூனில் அது ஒரு பெயர்தான். எதிரிக்கு இரையாக அனுப்பத் தீர்மானித்த புதுச் சிப்பாய்கள். அவர்களுக்காக வாய் திறந்ததால்தான் ஸூக்கோவின் முகத்தை அவன் அப்பாவே தீயால் பொசுக்கினார். அந்தச் சிப்பாய்களைத்தான் ஸூக்கோவின் கப்பலில் வேலை செய்ய வைத்தீர்கள். இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த இந்த முரட்டு இளவரசனால்தான் தங்கள் உயிர் மிஞ்சியது என்று அவன் பெரியப்பா ஐரோ சொல்லித் தெரிந்தபின், அவன் மேல்தளத்துக்கு வரும்போது அத்தனை பேரும் வரிசையாக நின்று மரியாதை செய்கிறார்கள். அவனுக்கோ காரணம் புரியவில்லை. என் நண்பர்களில் உங்கள் தொடரைத் திட்டித் தீர்த்தவர்கள்கூட இந்தக் காட்சியைச் சொல்லும்போது குரல் தழைந்துதான் பேசினார்கள். மூலத்தில் இல்லாததை நீங்கள் சேர்த்தீர்கள். நாங்கள் மனசார ஏற்றுக்கொண்டோம். ஆகவே ஒரு எழுத்து மாற்றக்கூடாது என்று அடம்பிடிக்கிற கூட்டம் என்று எங்களை நினைக்காதீர்கள்.

மாற்றியதால் எங்களுக்கு வருத்தமில்லை. பிள்ளைகளின் குறைகளைத் துடைத்துவிட்டீர்களே, அதுதான் வருத்தம்.

கட்டாராவின் அண்ணன் சொக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுடைய ஆண் திமிரைக் குறைத்திருக்கிறோம் என்று வெளியாவதற்கு முன்பே நடிகர்கள் பேட்டியில் சொன்னார்கள். அப்போதே எல்லாப் பக்கமும் முணுமுணுப்பு எழுந்தது. நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பீர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படிப்பட்ட பேச்சைக் கேட்க வேண்டாம் என்று. ஆனால் கார்ட்டூனின் முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள். கட்டாராவுக்குக் கோபம் தலைக்கேறியது சொக்காவின் அந்தத் திமிரால்தான். நீரை ஆளும் சக்தி கொண்ட அவளுடைய அந்தக் கோபத்தால்தான் பனிப்பாறை வெடித்தது. ஆங் வெளியே வந்தது அந்த வெடிப்பு வழியாகத்தான். நான்காவது எபிசோடில் கியோஷி தீவுப் பெண்களிடம் அடி வாங்குகிறான். பெண்களிடம் தோற்பதா என்று வீம்பாக மறுபடியும் போய் அடி வாங்குகிறான். கடைசியில் அவர்களின் தலைவி சுக்கியின் முன் மண்டியிட்டு, கற்றுக்கொடு என்று கேட்கிறான். அவர்கள் உடுத்தும் அதே பச்சை உடையை உடுத்தி, அதே வெள்ளைச் சாயத்தை முகத்தில் பூசிக்கொண்டு கற்றுக்கொள்கிறான். பெண்ணை மட்டமாகப் பேசினால் என்ன ஆகும், தப்பை உணர்ந்தவன் எப்படி நடந்துகொள்வான் என்று ஒரு எட்டு வயதுப் பையனுக்கு இதைவிட நன்றாக எப்படிச் சொல்ல முடியும்? தப்பே செய்யாத சொக்காவிடம் என் அக்கா மகன் கற்க ஒன்றும் இல்லை.

எட்டு எபிசோடுக்குள் எல்லாவற்றையும் எப்படி அடக்குவது என்று நீங்கள் கேட்கலாம். பழைய முதல் சீசன் இருபது எபிசோடு, ஒவ்வொன்றும் இருபத்து மூன்று நிமிடத்துக்குப் பக்கம். கூட்டிப் பார்த்தால் ஏழரை மணி நேரம். உங்கள் எட்டும் சேர்ந்தால் ஏறக்குறைய ஏழு மணி நேரம். நேரம் இருந்தது. அது விளக்கம் சொல்வதிலேயே போய்விட்டது. பனியிலிருந்து கண் விழித்த ஆங், எதிரே நின்ற பெண்ணிடம் முதலில் கேட்டது, என்னோடு பெங்குயின் மேல் சறுக்கி விளையாட வருகிறாயா என்றுதான். அவன் யார் என்று அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிட்டது. உங்கள் ஆங் எனக்கு விளையாடப் பிடிக்கும், நண்பர்களோடு பொழுதுபோக்கப் பிடிக்கும் என்று வாயால் சொல்கிறான். விளையாடி நாங்கள் பார்க்கவில்லை. தெருக்கூத்திலும் வேஷக்காரர் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்வார்தான். ஆனால் அங்கே வாய் பாடும்போது கால் சும்மா இருக்காது. இதற்காக ஆங்காக நடித்த கோர்டன் கோர்மியரைத் திட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. அந்தப் பையனின் சிரிப்பு அச்சு அசல் ஆங்கின் சிரிப்பு. சிரிக்க அவனுக்கு நீங்கள் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த சீசனில் பா சிங் சே நகரம் வரும் என்பதால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த நகரத்தில் ஐரோ தனியாக நடக்கிற ஒரு பகல் இருக்கிறது. கார்ட்டூனில் சில நிமிடம்தான். கடைத்தெருவில் அழுகிற குழந்தைக்கு ஒரு சிப்பாய்ப் பாட்டைப் பாடிச் சிரிக்கவைக்கிறார். கத்தியோடு வழிமறித்த திருடனுக்கு, உன் நிற்கும் நிலையே சரியில்லையப்பா என்று காலை எப்படி வைப்பது என்று காட்டுகிறார். பிறகு உட்கார்ந்து தேநீர் போட்டுக் கொடுத்து அவன் கதையைக் கேட்கிறார். சாயங்காலம் ஒரு மேட்டில் மரத்தடியில் மகனின் படத்தை வைக்கிறார். போரில் செத்துப்போன மகன். அன்று அவன் பிறந்தநாள். குழந்தைக்குப் பாடிய அதே பாட்டைப் பாடத் தொடங்குகிறார், குரல் உடைந்துவிடுகிறது. ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாக்கோ அந்த எபிசோடு வருவதற்கு முன்பே 2006-ல் இறந்துவிட்டார். அந்தக் காட்சியை அவருக்கே காணிக்கையாக்கினார்கள்.

இந்தப் பகலில் போர் இல்லை, சதி இல்லை, கதை ஒரு அங்குலம்கூட நகரவில்லை. கத்தரிக்கோலை எடுப்பவர் முதலில் வெட்டுவது இதைத்தான். தயவுசெய்து வெட்டாதீர்கள். முதல் சீசனில் அந்த மகன் லூ டென்னின் இறுதிச் சடங்கையும், வந்தவர்கள் எல்லோரும் போனபின் ஸூக்கோ தன் பெரியப்பா பக்கத்தில் வந்து உட்கார்வதையும் காட்டி, பின்னணியில் அந்தப் பாட்டின் மெட்டையும் இழைத்தீர்களே. வாங்கிய கடனைப் போல அது எங்கள் நெஞ்சில் நிற்கிறது. அந்த மேட்டில் கொண்டுபோய்த்தான் அதைத் தீர்க்க வேண்டும்.

கடைசியாக, குரு பாத்திக். காவி உடுத்த மெலிந்த கிழவர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவரைப் பார்த்ததும் வரும் உரிமையே தனி. அவதார், அக்னி கை என்று எங்கள் காதுக்குப் பழகிய சொற்கள் அந்த உலகம் முழுக்க இருந்தாலும், மூலாதாரம் தொடங்கி மேலே ஏறும் சக்கரங்களை ஒரு கார்ட்டூனில் ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஒவ்வொரு சக்கரத்தையும் அடைத்துக்கொண்டிருப்பது எது என்று ஆங்கிடம் கேட்டுக்கொண்டே வருகிறார். முதலாவதில் பயம். இரண்டாவதில் குற்ற உணர்ச்சி. எதற்காக உன்னை நீயே குற்றம் சொல்கிறாய் என்று கேட்கும்போது ஆங் சொல்லும் பதில், நான் ஓடிப்போனேன் என்பது.

உங்கள் ஆங் அங்கே என்ன சொல்வான்?

முதல் சீசனை இனித் திருத்த முடியாது என்று தெரியும். திருத்தவும் வேண்டாம். ஒரு சுற்றுப் போய்வருகிறேன் என்று ஆப்பாவிடம் சொல்லித்தானே அன்று கிளம்பினான்? குருவின் முன்னால் அவன் உண்மையைச் சொல்லட்டும். இத்தனை நாள் கட்டாராவிடமும் சொக்காவிடமும் மறைத்ததை, தன்னிடமே மறைத்ததைச் சொல்லட்டும்: அன்று இரவு திரும்பி வரும் எண்ணம் அவனுக்கு இல்லை. ஒரே ஒரு வசனம். பிறகு கியாட்சோ கதவைத் திறந்து பார்க்கிற அந்தக் காலி அறையை ஒரு கணம் காட்டுங்கள்.

சீசன் முடிந்தபின் ‘தி ஸ்டார்ம்’ எபிசோடை மட்டும் என் அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். பார்க்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி தோசையைப் பிய்த்துக்கொண்டே, “அனுப்ப மாட்டேன்னு சொல்லத்தான் அவரு வந்தாரா மாமா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டான்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளன் ஒருவன்,
திருநெல்வேலி