ஐந்து நேரங்களில் எடுத்த ஐந்து படங்கள் ஒப்பீடு ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், இயற்கைக் காட்சிகளுக்கு ஏற்ற கலர் ஃபிலிம்களை ஒப்பிட்டு வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படி ஒரு பொருளுக்கு முழுப் பக்கம் ஒதுக்கிய உங்களுக்கு முதலில் நன்றி. ஆனால் அதில் உள்ள இரண்டு கருத்துகள் புதிதாக ஃபிலிம் ரோல் வாங்குகிறவர்களைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும். ஸ்கேன் செய்துவிட்டால் எல்லா ஃபிலிமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது ஒன்று. லென்ஸின் முன் மாட்டும் ஃபில்டர்களுக்கு இனி வேலை இல்லை, எல்லாவற்றையும் கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்பது இன்னொன்று.

நான் 22 ஆண்டுகள் ஒரு கலர் லேபில் பிரிண்ட் போடும் பிரிவில் வேலை பார்த்தவள். விடுமுறை கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் போய்விடுவேன். இந்த இரண்டு அனுபவத்திலிருந்தும்தான் எழுதுகிறேன்.

கட்டுரையில் உள்ள ஐந்து படங்களின் நிழல்களைப் பாருங்கள். வெல்வியா என்ற ஸ்லைடு ஃபிலிமில் எடுத்ததாகச் சொல்லப்படும் படத்தில் மரத்தின் நிழல் புல்வெளி முழுக்க நீண்டு கிடக்கிறது, மாலை வெயில். போர்ட்ரா என்ற நெகட்டிவ் ஃபிலிமில் எடுத்த படத்தில் நிழல் மரத்தடியிலேயே சுருண்டிருக்கிறது, உச்சிவெயில். முதல் படம் பொன்னிறமாகவும் அடுத்தது வெளிறியும் இருப்பதற்கு ஃபிலிமைக் காரணம் காட்டுகிறார் கட்டுரையாளர். அந்த மாலையில் எந்த ஃபிலிமைப் போட்டிருந்தாலும் புல் பொன்னிறமாகத்தான் வந்திருக்கும். வெளிச்சம் செய்த வேலையை ஃபிலிமின் கணக்கில் எழுதிவிட்டார்.

ஸ்கேன் செய்தால் எல்லாம் ஒன்று என்று அவருக்குத் தோன்றியதன் காரணம் எனக்கு நன்றாகவே தெரியும். லேபில் நான் தினமும் பார்த்தது அது. கலர் பிரிண்ட் போடும் இயந்திரம், நிறங்கள் தலைகீழாகப் பதிந்த ஒரு நெகட்டிவை எடுத்ததும் அதன் முழுப் பரப்பின் நிறங்களையும் கூட்டிச் சராசரி பார்க்கும். அந்தச் சராசரி சாம்பல் நிறத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. அதிகமாக மஞ்சள் இருந்தால் மஞ்சளைக் குறைக்கும், நீலம் கூடினால் நீலத்தைக் குறைக்கும். சாதாரணக் குடும்பப் படங்களுக்கு இது சரியாகவே இருக்கும். அஸ்தமனத்தின் செம்மையையும் இந்தக் கணக்கு குறையாக எண்ணித் திருத்திவிடும் என்பதுதான் சிக்கல்.

ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் இரண்டு பிரிண்ட்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரே குன்று, ஒரே மாலை. ஒன்றை 81பி என்ற வெதுவெதுப்பு ஃபில்டர் போட்டு எடுத்திருந்தார், மற்றதை ஃபில்டர் இல்லாமல். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. ஃபில்டர் வேலை செய்யவில்லை என்று வருத்தப்பட்டார். அவருடைய நெகட்டிவ் இரண்டையும் அடியிலிருந்து ஒளிரும் லைட் பாக்ஸில் அருகருகே வைத்தேன். கலர் நெகட்டிவுக்கே உரிய ஆரஞ்சுப் படலத்தின் ஊடேயும் வித்தியாசம் தெரிந்தது. அவர் போட்ட ஃபில்டரின் பலன் நெகட்டிவில் பதிந்திருந்தது. எங்கள் இயந்திரம்தான் அதைத் துடைத்து எடுத்திருந்தது. திருத்தத்தை நிறுத்திவிட்டு இரண்டையும் ஒரே நிற அமைப்பில் மறுபடி பிரிண்ட் போட்டேன். ஒரு குன்று கதகதப்பாகவும் மற்றது குளிர்ந்தும் வந்தது. இன்றைய ஸ்கேனர்களில் தானியங்கி நிறத் திருத்தம் என்று இருப்பதும் இதையேதான் செய்கிறது. அதை இயக்கத்தில் விட்டுவிட்டு ஐந்து ஃபிலிம்களை ஒப்பிட்டால் ஐந்தும் ஒன்றாகத்தான் தெரியும்.

கழுவியதும் நேராகப் படமே தெரியும் ஸ்லைடு ஃபிலிமின் கதை வேறு. கேமராவுக்குள் நடந்ததுதான் முடிவு. நடுவில் பிரிண்டரும் இல்லை, திருத்துபவரும் இல்லை. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும். பகல்வெளிச்ச ஃபிலிம்கள் ஏறக்குறைய 5500 கெல்வின் வெளிச்சத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. மேகமற்ற நாளில் ஒரு பாறையின் நிழலுக்குள் எடுத்தால், அங்கே விழுவது வானத்தின் நீல வெளிச்சம் மட்டும். 7000 கெல்வினுக்கு மேலேயே போய்விடும். நம் கண் அதைப் பழகிக்கொள்ளும், ஸ்லைடு பழகிக்கொள்ளாது. அங்கே 81ஏ அல்லது 81பி போடுவது அலங்காரத்துக்காக அல்ல, பாறையைப் பாறையின் நிறத்தில் காட்டுவதற்காக. ஆகவே வெதுவெதுப்பு ஃபில்டர் வீண் என்பது நெகட்டிவுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஸ்லைடுக்குப் பொருந்தவே பொருந்தாது. கட்டுரையில் இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒப்பீடு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு நானே செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மலை ஏரியின் தென்கரையில் விடிவதற்கு முன்பே போய் நின்றேன். எதிரே வடக்கில் சிகரம், சூரியன் வலப்பக்கம். ஒரே முக்காலியில் ஒரு கம்பியைப் பொருத்தி, ஒரே வகைக் கேமராக்கள் இரண்டை அருகருகே மாட்டினேன். இரண்டிலும் 50 மி.மீ. லென்ஸ், லென்ஸின் திறப்பு எஃப்/11. ஒன்றில் வெல்வியா 50, மற்றதில் புரோவியா 100எஃப் என்ற இன்னொரு ஸ்லைடு ஃபிலிம். ஒவ்வொரு காட்சியையும் ஃபில்டர் இல்லாமல் ஒன்று, பிரதிபலிப்பைக் குறைத்து வானத்தை இருளச் செய்யும் போலரைசர் என்ற சுழலும் ஃபில்டரைப் பாதி திருப்பி ஒன்று, முழுதும் திருப்பி ஒன்று என எடுத்தேன். பின்னால் ஒவ்வொரு ஸ்லைடின் சட்டத்திலும் பென்சிலால் மணியும் ஃபில்டரும் எழுதி வைத்தேன்.

லைட் பாக்ஸில் லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துக் குனிந்து பார்த்தபோது கண்டதை அப்படியே சொல்கிறேன். ஃபில்டர் இல்லாத வெல்வியாவில் கரையோரப் பாசி மரகதம்போல் இருந்தது; சிகரத்தின் கீழ்ச்சரிவில் நிழல் முழுக்க அடைத்துக் கறுத்திருந்தது. புரோவியாவில் அதே சரிவில் கற்களை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. பாசி சாதாரணப் பச்சை. போலரைசரை முழுதும் திருப்பிய வெல்வியாவில் சிகரத்துக்கு மேல் வானம் நீலத்தைத் தாண்டிக் கறுப்பை எட்டிவிட்டது. பகலா இரவா என்று கேட்க வைக்கும் வானம். அதே திருப்பத்தில் புரோவியா வானம் ஆழ்ந்த நீலமாக, நம்பும்படி இருந்தது. வெல்வியாவுக்குப் பாதித் திருப்பமே நிறைவாக இருந்தது. ஒரு ஃபிலிமுக்கு உதவிய ஃபில்டர் அதே நிமிடத்தில் இன்னொன்றைக் கெடுக்கிறது. ஃபிலிமையும் ஃபில்டரையும் தனித்தனியாக மதிப்பிட முடியாது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

போலரைசரைக் கணினியால் ஈடுசெய்யலாம் என்ற கருத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன். மழை பெய்து ஓய்ந்த காட்டில் இலைகள் பளபளக்கும். அந்தப் பளபளப்பு இலையின் நிறம் அல்ல. இலையின் மேல் பிரதிபலிக்கும் வானம். போலரைசரை மெல்லத் திருப்பினால் ஒரு கட்டத்தில் அந்த வெண்மை வழிந்து இறங்கியதுபோல் மறைந்து, அடியிலிருந்து பச்சை எழும். குளத்தின் மேற்பரப்பிலும் அப்படித்தான்: வெள்ளித் தகடாகக் கிடந்த தண்ணீர் விலகி அடியில் கூழாங்கற்கள் தெரியும். படம் எடுத்த நேரத்தில் அந்தப் பச்சையும் அந்தக் கற்களும் ஃபிலிமில் பதியாமல் போயிருந்தால், பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றைக் கொண்டுவர முடியாது. இல்லாத வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. எனவே ஸ்லைடோ நெகட்டிவோ, பையில் ஒரே ஒரு ஃபில்டருக்குத்தான் இடம் என்றால் நான் போலரைசரைத்தான் எடுத்துப்போவேன்.

அதற்கு விலையாக ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை இழக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). எந்தப் பக்கம் பலன் அதிகம் என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரியுங்கள். ஆள்காட்டி விரலை அசைக்காமல் மணிக்கட்டைச் சுழற்றினால் கட்டைவிரல் காட்டும் வளையம் முழுக்க வானம் நன்றாக இருளும். அகன்ற கோண லென்ஸ் மட்டும் வேண்டாம். 24 மி.மீ. லென்ஸ் அந்த வளையத்தையும் அதன் இரு பக்கங்களையும் சேர்த்து வாரிக்கொள்ளும். வானத்தின் நடுவில் மட்டும் கருநீலத் திட்டு விழும். என்னுடைய நல்ல படங்கள் சில இதனாலேயே போயிருக்கின்றன.

பாதி கறுத்துப் பாதி தெளிந்த கிராஜுவேட்டட் ஃபில்டருக்கு வருகிறேன். ஸ்லைடு ஏறக்குறைய ஐந்து ஸ்டாப் வேறுபாட்டைத்தான் விவரத்தோடு தாங்கும். அந்த ஏரியில் சிகரத்தில் வெயில் பட்ட நொடியில் சிகரத்துக்கும் கரைக்கும் நான்கு ஸ்டாப் இடைவெளி இருந்தது. எண்ணிப் பார்த்தால் தாங்க வேண்டும். உண்மையில் கரையின் நிழல்கள் எல்லாம் மூழ்கிவிட்டன. 0.6 என்று எழுதியிருக்கும் இரண்டு ஸ்டாப் ஃபில்டரை மேலே இறக்கியதும் சிகரமும் கரையும் பிழைத்தன. 0.9, அதாவது மூன்று ஸ்டாப் போட்டபோது தண்ணீரில் தெரிந்த சிகரம் மேலே இருந்த சிகரத்தைவிடப் பிரகாசமாகிவிட்டது. எந்த ஏரியிலும் பிம்பம் பொருளைவிடக் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் படத்தில் ஏதோ பொய் என்று கண் கண்டுபிடித்துவிடும்.

எக்டார் 100, போர்ட்ரா 400 போன்ற நெகட்டிவ்களுக்கு இந்த ஃபில்டர் பெரும்பாலும் வேண்டாம். கரையின் வெளிச்சத்தை அளவெடுத்துத் தாராளமாகக் கொடுத்தால் போதும், வானம் நெகட்டிவில் பத்திரமாக இருக்கும். எக்டாருக்கு வெளிச்சத்தைக் குறைக்க மட்டும் கூடாது. நிழல்கள் நீலம் பாய்ந்துவிடும்.

ஷட்டரை வெகுநேரம் திறந்துவைத்து எடுக்கும் நெடுநேர எக்ஸ்போஷரைப் பற்றியும் கட்டுரையில் ஒன்றும் இல்லை; அருவி எடுப்பவர்களுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியது. வெல்வியா 50-இல் ஒரு விநாடி வரை கவலை இல்லை. 16 விநாடி என்றால் மூன்றில் இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சமும், பச்சை ஏறாமல் தடுக்க 10 அளவுள்ள மெஜந்தா ஃபில்டரும் வேண்டும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. புரோவியா 100எஃப் 128 விநாடி வரை எந்தத் திருத்தமும் கேட்காது. மர நிழலில் இருந்த ஓர் அருவியை ஃபில்டர் இல்லாமல் வெல்வியாவில் எடுத்து, வெண்ணுரை முழுக்கப் பச்சை படிந்த ஒரு ரோல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இன்னொன்று. வெல்வியா என்று மட்டும் எழுதினால் போதாது. 1990-இல் வந்த முதல் வெல்வியா 2005-இல் நின்று, 2007-இல் வெல்வியா 50 என்று திரும்பியது. வெல்வியா 100, வெல்வியா 100எஃப் இரண்டும் வேறு வேறு ஃபிலிம்கள், நிறமும் வேறு. எக்டாகுரோம் என்ற ஸ்லைடு ஃபிலிம் 2012-இல் நின்று 2018-இல் இ100 என்று மறுபிறவி எடுத்தது. 1935-இல் தொடங்கிய கோடாகுரோம் என்ற ஸ்லைடு ஃபிலிம் 2009-இல் நிறுத்தப்பட்டது. அதற்குரிய ரசாயனத்தில் கழுவும் கடைசி லேபும் 2010 முடிவோடு அந்த வேலையை விட்டது. இந்த நிலையில் ஃபிலிமின் முழுப் பெயரையும் எண்ணையும் போடுவது வாசகருக்குச் செய்யும் அடிப்படை உதவி.

மீண்டும் இப்படி ஒரு கட்டுரை வெளியிடுவதானால் ஒரு முக்காலி, ஒரே இடம், பத்து நிமிடத்துக்குள் எல்லா ஃபிலிம்களும் என்று கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரோலின் முதல் படத்திலும் நிறத்தை ஒப்பிட ஒரு சாம்பல் அட்டை இருக்கட்டும். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு, எந்தப் படத்தில் எந்த ஃபில்டர் என்று கீழே அச்சிடுங்கள். என்னுடைய ஏரி ஸ்லைடுகள் பயன்படும் என்றால் குறிப்புகளோடு அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

ஒரு திருத்தத்தை மட்டும் அடுத்த இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன். நான்காவது படத்தின் கீழே “எக்டார் 100 ஸ்லைடு ஃபிலிம்” என்று அச்சாகியிருக்கிறது. எக்டார் நெகட்டிவ் ஃபிலிம். சி-41 முறையில் கழுவ வேண்டியது. உங்கள் குறிப்பை நம்பி யாராவது ஸ்லைடுக்குரிய இ-6 முறையில் கழுவச் சொல்லிக் கொடுத்துவிட்டால், ஆரஞ்சு படிந்த மங்கலான பட்டை ஒன்றுதான் திரும்பி வரும். எடுத்த காட்சியின் சரியான நிறங்களை மீட்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி