பிரேமைத் தொடாதீர்கள்: பழைய நடன இசை வீடியோக்களின் மூல நாடாக்களை வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இசை நிறுவனத்தாருக்கும், அவர்களுக்காகப் பழைய வீடியோக்களை மெருகேற்றித் தரும் ஸ்டுடியோக்களுக்கும்,

வணக்கம்.

1990களின் நடுவிலிருந்து 2000களின் தொடக்கம் வரை எலெக்ட்ரானிக் நடன இசைக் குழுக்களுக்காக எடுத்த வீடியோக்கள் இப்போது '4கே', 'புதுப்பித்த பதிப்பு' என்ற பட்டங்களோடு திரும்ப வருகின்றன. வரட்டும். ஆனால் அவற்றில் பல, நாங்கள் சேமித்து வைத்திருக்கும் மங்கலான பழைய பிரதியைவிட மோசமாக இருக்கின்றன. மங்கல் கண்ணோடு போய்விடும். இப்போது கெடுவது தாளம். அதனால்தான் இந்த மடல்.

மெதுவான பாட்டு ஒன்றின் வீடியோவில் கட் (ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்) இரண்டு பிரேம், அதாவது இரண்டு ஒற்றைப் படம், தள்ளி விழுந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நடன இசையில் கிக் டிரம் (தாளத்தைப் பிடித்து நிறுத்தும் கனத்த டிரம் அடி) கடிகாரம் மாதிரி விழுந்துகொண்டே இருக்கிறது. கட் அதன் மேல் உட்கார வேண்டும். நிமிடத்துக்கு 125 பீட் ஓடும் பாட்டில் ஒரு பீட் 0.48 விநாடி. பால் (PAL) என்னும் ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 பிரேம் என்பதால் ஒரு பீட்டுக்குச் சரியாக 12 பிரேம் வரும். எடிட்டருக்கு அது வரப்பிரசாதம். 128 பீட் என்றால் 11.72 பிரேம், முழு எண் கிடைக்காது. அப்போது 12, 11, 12, 12, 12, 11, 12, 12 என்று வெட்டிக்கொண்டு போவார்கள். 32 பீட் முடியும்போது 375 பிரேம், 15 விநாடி, கணக்கு நேராகிவிடும். நடுவே வரும் அந்த 11கள் கைப்பிசகு இல்லை. கிக்கை விட்டு விலகாமல் இருக்கப் போட்ட கணக்கு.

இந்தக் கணக்கை 30 பிரேமுக்கு மாற்றிப் பாருங்கள். ஐந்து பிரேமை ஆறாக்க வேண்டும். ஒவ்வொரு ஐந்தாவது பிரேமும் இரண்டு முறை வரும். விநாடிக்கு ஐந்து தடவை படம் விக்கும். விக்கலை மறைக்கப் பக்கத்துப் பிரேம்களைக் கலந்தால் வெள்ளை மின்னலும் கறுப்பும் சேர்ந்து சாம்பலாகிவிடும். இவை இரண்டையும்விடக் கொடுமையானது, இல்லாத பிரேமைக் கணித்து உருவாக்கும் மென்பொருள். கட்டுக்கு முந்தைய பிரேமில் ஒரு முகம், அடுத்த பிரேமில் காலித் தெரு என்று வையுங்கள். கட்டை அடையாளம் காணத் தவறினால், முகம் பாதி உருகித் தெருவில் வழியும் ஒரு படத்தை மென்பொருள் நடுவில் செருகிவிடும். செருகும் இடம் எது? சரியாகக் கிக் விழும் இடம். பாட்டு முழுக்க, ஒவ்வொரு பீட்டிலும்.

ஆகவே முதல் வேண்டுகோள்: 25இல் பிறந்தது 25இலோ 50இலோ மட்டுமே வெளிவரட்டும். அமெரிக்காவில் 24இல் ஃபிலிமில் எடுத்து, வீடியோ நாடாவுக்காக பிரேமை நீட்டி வைத்திருந்தால், அந்த நீட்டலைக் கழற்றி 23.976க்குத் (அமெரிக்க வீடியோவில் 24 ஓடும் உண்மையான வேகம்) திரும்புங்கள். 24ஐ 25ஆக ஓட விடவே வேண்டாம். 120 பீட் பாட்டு 125 பீட் பாட்டாகிவிடும், சுருதி அரைஸ்வரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும், நான்கு நிமிடப் பாட்டில் 9.6 விநாடி காணாமல் போகும்.

இனி இன்டர்லேஸ். நாசம் அதிகமும் இங்கேதான் நடக்கிறது. பால் நாடாவில் ஒவ்வொரு பிரேமும் இரண்டு ஃபீல்டு: ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், மற்றதில் இரட்டைப்படை வரிகள். இந்தப் பின்னலுக்குத்தான் இன்டர்லேஸ் என்று பெயர், அதைப் பிரிப்பது டீஇன்டர்லேஸ். ஃபிலிமில் எடுத்து டெலிசினியில் (ஃபிலிமை வீடியோவாக்கும் இயந்திரம்) மாற்றிய காட்சியில் இரண்டு ஃபீல்டும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை. சேர்த்து வைத்தால் முழுப் படம் கிடைக்கும். அங்கே டீஇன்டர்லேஸ் செய்வது நல்ல படத்தைப் பாதியாக அறுப்பதற்குச் சமம். வீடியோ கேமராவில் எடுத்த காட்சியிலோ இரண்டு ஃபீல்டும் இரண்டு வெவ்வேறு கணங்கள், இடைவெளி 20 மில்லிவிநாடி. அதை 50 பிரேமாக விரித்தால்தான் அசைவு உயிரோடு இருக்கும். கியூடிஜிஎம்சி (QTGMC) என்ற டீஇன்டர்லேஸ் கருவி இதை நன்றாகச் செய்யும். அவசரத்துக்கு எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச மென்பொருளில் உள்ள பிடபிள்யூடிஃப் (bwdif) வடிகட்டி போதும். எதுவாக இருந்தாலும் எந்த ஃபீல்டு முதலில் என்று முதலில் பாருங்கள். தப்பாக வைத்தால் ஆடுகிறவர்கள் ஓரடி முன்னே, ஓரடி பின்னே என்று உதறுவார்கள்.

சிக்கல், இரண்டும் ஒரே வீடியோவில் வரும்போது. கெமிக்கல் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் நடன இசைக் குழுவின் 'லெட் ஃபாரெவர் பி' (1999) அப்படிப்பட்டது. இயக்குநர் மிஷேல் காந்த்ரி அதில் ஃபிலிமில் எடுத்ததையும் வீடியோவில் எடுத்ததையும் வேண்டுமென்றே மோத விடுகிறார். ஒரு பெண், வீடியோ எஃபெக்டில் பல பெண்களாகப் பெருகுகிறாள். அதே எஃபெக்டை அடுத்த கணம் நிஜ நடனக்காரர்கள் உடம்பால் செய்து காட்டுகிறார்கள். வீடியோவின் வழவழப்பும் ஃபிலிமின் துகளும் வேறு வேறாகத் தெரிந்தால்தான் எது பொய், எது மெய் என்ற விளையாட்டே நடக்கும். இரைச்சல் நீக்கியை முழு வீச்சில் ஓட்டி, மேலே ஏஐ அப்ஸ்கேலையும் (படத்தைச் செயற்கையாகப் பெரிதாக்குவது) பூசினால் இரண்டும் ஒரே பிளாஸ்டிக் தோலாகிவிடும். பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான். இம்மாதிரி வீடியோவை ஷாட் ஷாட்டாகப் பிரியுங்கள். ஃபிலிம் ஷாட்டில் ஃபீல்டுகளைச் சேர்த்து, வீடியோ ஷாட்டை விரித்து, எல்லாவற்றையும் 50 பிரேமில் அடுக்குங்கள். ஃபிலிம் ஷாட்டின் ஒவ்வொரு பிரேமும் அதில் இரண்டு முறை வரும், தவறில்லை. நான்கு நிமிட வீடியோவுக்கு இதற்கென ஒரு ஆளை இரண்டு நாள் உட்கார வைக்க வேண்டியிருக்கும். உட்கார வையுங்கள்.

அதே குழுவின் 'ஸ்டார் கிட்டார்' (2002) வேறு விதமான சோதனை. ரயில் ஜன்னலில் ஓடும் காட்சிதான் முழு வீடியோவும். பிரான்சில் நீம் நகருக்கும் வாலன்ஸுக்கும் இடையிலான பாதையைப் பகலின் வெவ்வேறு வெளிச்சங்களில் பத்து முறை படம் பிடித்து, கம்பம், கட்டடம், எதிர் ரயில் என ஒவ்வொன்றும் பாட்டின் ஒவ்வொரு ஒலிக்கும் சரியாக வந்து போகும்படி அடுக்கியிருக்கிறார் காந்த்ரி. அங்கே கம்பம்தான் டிரம். ஜன்னலை ஒட்டிப் பாயும் மெல்லிய கம்பம் ஓரிரு ஃபீல்டில் மட்டுமே இருக்கும். ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்தால் கம்பம் காணாமல் போகலாம், கலந்தால் ஆவியாகிவிடும். காது கேட்கிற அடியைக் கண் பார்க்காது. படம் துல்லியமாகிவிட்டதே என்று நீங்கள் மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள்.

அடுத்து, க்ராப், அதாவது படத்தின் ஓரத்தை வெட்டுவது. 4:3 படத்தை 16:9க்கு வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போகும்: 576 வரியில் 144 வரி. டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சுக் குழுவின் 'அரவுண்ட் தி வேர்ல்ட்' (1997) மாதிரியான வீடியோவில் அந்த 144 வரி வெறும் ஓரம் அல்ல. அதில் ஐந்து கூட்டம், ஐந்து வாத்தியம்: ரோபோக்கள் வோகோடர் குரல் (இயந்திரம் பேசுவது போல மாற்றிய குரல்), விளையாட்டு வீரர்கள் பேஸ், பெண்கள் கீபோர்டு, எலும்புக்கூடுகள் கிட்டார், மம்மிகள் டிரம் மெஷின். பிளாங்கா லியின் நடன அமைப்பில் பேஸ் ஏறினால் வீரர்கள் படி ஏறுகிறார்கள், இறங்கினால் இறங்குகிறார்கள். படியின் தலையை வெட்டினால் பேஸின் தலையை வெட்டியதாகும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதால் யாரும் எழுந்து போய்விட மாட்டார்கள். 1440க்கு 1080 படம், நடுவில், அவ்வளவுதான்.

அளவு மாற்றும்போது இன்னொரு சின்ன விஷயம். பால் படத்தின் அகலம் 720 பிக்சல் என்றாலும் 4:3 கணக்கு நடுவில் உள்ள 702க்குத்தான். 720 முழுவதையும் 1440க்குள் அடக்கினால் படம் 2.5 சதவீதம் ஒடுங்கும். சுழலும் இசைத்தட்டு முட்டை வடிவமாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

நிறம்: 576 வரிப் படம் ரெக் 601 கணக்கில் (பழைய தொலைக்காட்சிக்கான நிறத் தரம்) இருக்கும். 1080க்குப் போகும்போது ரெக் 709க்கு (எச்டி படத்துக்கான நிறத் தரம்) உண்மையிலேயே மாற்றுங்கள். கோப்பில் அடையாளத்தை மட்டும் மாற்றினால் சிவப்பும் பச்சையும் இடம் நகரும். கறுப்பு 16இல் தொடங்குகிறதா 0இல் தொடங்குகிறதா என்ற குழப்பம் இருட்டுக் காட்சிகளைத் தின்றுவிடும். பிராடிஜி என்ற பிரிட்டிஷ் குழுவின் 'ஃபயர்ஸ்டார்ட்டர்' (1996) லண்டன் ஆல்ட்விச்சின் கைவிட்ட சுரங்க ரயில் பாதையில் எடுத்த கறுப்பு-வெள்ளை வீடியோ. நிழலுக்குள் நிழல் என்றுதான் அது ஓடுகிறது. இப்படிப்பட்டதில் நிறச் சானலை முழுதாகப் பூஜ்யமாக்குங்கள். இல்லாவிட்டால் நாடாவின் நிற இரைச்சல் பச்சையும் ஊதாவுமாகச் சாம்பலில் மினுங்கும்.

ஒலிக்கு வருவோம். நாடாவில் உள்ள ஒலியைத் தூக்கிவிட்டு, சமீபத்தில் சத்தம் கூட்டி வெளியிட்ட ஆல்பம் ட்ராக்கை ஒட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. வீடியோவுக்கென்று தனி எடிட் இருந்திருக்கும், நீளம் பொருந்தாது. பொருந்தினாலும் வேகம் பொருந்த வேண்டும். அமெரிக்க வீடியோவின் 29.97 பிரேமுக்கும் முழு 30க்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று. நான்கு நிமிடம் கழித்து அது 240 மில்லிவிநாடி. 125 பீட் பாட்டில் அது சரியாக அரை பீட்: கிக்குக்கு ஆட வேண்டிய ஆள், கிக்குகளுக்கு நடுவே விழும் ஹைஹேட் தாள ஒலிக்கு ஆடுவார். முதல் கிக்கையும் கடைசிக் கிக்கையும் நாடாவின் ஒலியோடு பொருத்திப் பாருங்கள். நடுவிலும் ஒரு இடம் பாருங்கள். ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கிய டாஃப்ட் பங்கின் 'டா ஃபங்க்' போன்றவற்றில் அந்த யோசனையே வேண்டாம். நாய்த்தலை மனிதன் பாட்டுப் பெட்டியோடு நியூயார்க் தெருவில் நடக்கிறான். பேச்சும் பாட்டும் பின்னிக் கிடக்கின்றன. நாடாவின் ஒலிதான் அதற்கு ஒலி.

ஸ்ட்ரோப் (படபடவென மின்னும் ஒளி) பற்றி எங்களுக்குள்ளேயே வாதம் உண்டு. ஒரு பிரேம் வெள்ளை, ஒரு பிரேம் கறுப்பு என்று ஓடினால் விநாடிக்கு 12.5 மின்னல். பிரிட்டனின் ஒளிபரப்பு நெறியும் இணைய அணுகல் நெறியும் வைக்கும் எல்லை விநாடிக்கு மூன்று. இது வெறும் சம்பிரதாயம் இல்லை: 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனின் சிவப்பு-நீல மின்னல் 600க்கும் மேற்பட்டோரை மருத்துவமனைக்கு அனுப்பியது. ஆகவே மூலத்தைச் சத்தமில்லாமல் மங்கலாக்கி, அதையே மூலம் என்று வெளியிடாதீர்கள். எச்சரிக்கையோடு மூலம் ஒன்று, மின்னல் தணித்த பதிப்பு ஒன்று என்று தெளிவாகப் பெயரிட்டு இரண்டாக வையுங்கள். தானாக ஓடும் பட்டியல்களில் தணித்ததை மட்டும் சேருங்கள்.

ஏற்றும்போது 576 வரியிலேயே ஏற்ற வேண்டாம். யூடியூபில் 720 வரிக்குக் கீழே 50 பிரேம் ஓடாது. பிட்ரேட்டும் கஞ்சத்தனமாகத்தான் கிடைக்கும். மின்னலும் புகையும் காகிதத் தூவலும் வீடியோவைச் சுருக்கும் கோடெக்குக்கு எமன்: ஒவ்வொரு பிரேமும் புதிது என்பதால் படம் கட்டம் கட்டமாக உடையும். சாதாரண வடிகட்டியால் 1080க்கோ 2160க்கோ உயர்த்தி, துகளை அப்படியே விட்டு, 10 பிட்டில் கொடுங்கள். லேசர் ஒளியில் வரி வரியாகத் தெரியும் நிறப்பட்டை அதில் ஓரளவு குறையலாம்.

இவ்வளவும் நாடா ஒழுங்காக இருந்தால்தான். இந்த மூலங்கள் பல பதிந்திருக்கும் டிஜிட்டல் பீட்டாகேம் நாடாவை ஓட்டும் இயந்திரங்கள் தயாரிப்பில் இல்லை. ஹெட் தேய்ந்தால் மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே அப்ஸ்கேல் பட்ஜெட்டைத் தள்ளி வைத்து, முதலில் எல்லா நாடாவையும் எஸ்டிஐ (தொழில்முறை டிஜிட்டல் வீடியோ இணைப்பு) வழியாக 10 பிட் 4:2:2இல் (நிற விவரம் அகலத்தில் பாதியாகப் பதியும் முறை), இன்டர்லேஸ் கலையாமல் பிடித்து வையுங்கள். சுருக்காமல் வைத்தால் நான்கு நிமிடப் பாட்டுக்கு 6.6 ஜிபி, எஃப்எஃப்வி1 (FFV1) என்ற கோடெக்கில் இழப்பில்லாமல் அதில் ஏறக்குறைய பாதி. நாடாவின் தலையில் உள்ள கலர் பாரும் (சோதனை நிறப்பட்டைகள்) டோனும் (சோதனை ஒலி) தொடங்கும் இடத்திலிருந்தே பிடியுங்கள். அளவுகளைச் சரிபார்க்க வேறு சாட்சி கிடையாது. பிரிட்டன் நாடாவில் படம் வழக்கமாக 10:00:00:00 டைம்கோடில் (நாடாவில் பதிந்த நேரக் குறி: மணி, நிமிடம், விநாடி, பிரேம்) தொடங்கும். முன்னால் உள்ளதை வெறும் தலைப்பு என்று வெட்டிவிடாதீர்கள். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டையும் புகைப்படம் எடுங்கள்: எந்த எடிட், எந்த விகிதம், எந்த ஒலி மிக்ஸ் என்பது பல நேரம் அந்தச் சீட்டில் மட்டும்தான் எழுதியிருக்கும்.

புதியதை ஏற்றும் நாளில் பழைய பதிவை அழிக்காதீர்கள். விளக்கக் குறிப்பில் மூன்று வரி போதும்: எந்த நாடாவிலிருந்து எடுத்தது, எத்தனை பிரேம், என்னென்ன மாற்றினீர்கள்.

இப்படிக்கு,
பழைய நாடாக்களோடு வேலை செய்யும் எடிட்டர்களும் மீட்புப் பணியாளர்களும்