வெட்டிய காட்டுச் சூரியகாந்தியை எரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு ரயில் பாதையோரம் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தியின் படத்தைப் போட்டு, ‘மலையக மண்ணுக்கே உரிய மலர்’ என்று எழுதியிருந்தீர்கள். படம் அருமை. ஆனால் எங்கள் பாட்டன்மாரைப் போல அதுவும் கடல் தாண்டி வந்ததுதான். மெக்சிக்கோ பக்கத்துச் செடி. கோப்பிக் காலத்தில், 1851இல், அழகுக்காகக் கொண்டுவந்தார்கள்.

நான் எழுத வந்தது வேறு விசயம். எங்கள் வீதியோரம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றதைப் போன கிழமை வெட்டினார்கள். வளைவில் வாகனம் தெரியாது, வெட்டத்தான் வேண்டும். வெட்டியதைக் குவித்து, பச்சையும் ஈரமுமாக எண்ணெய் ஊற்றிக் கொளுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு மூட்டை யூரியாவை எரித்தது போல இருந்தது எனக்கு.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது, கையில் காசிருந்தும் கடையில் உரமில்லை. வீட்டுக்குப் பின்னால் 15 பேர்ச்சஸில் போஞ்சியும் லீக்ஸும் போடுபவன் நான். அந்தப் போகம் இந்தச் செடிதான் கைகொடுத்தது. உலர்ந்த இலையில் சுமார் 3.5 வீதம் நைதரசன், பொட்டாசியம் அதைவிடக் கூடுதல் என்று விவசாயப் போதனாசிரியர் சொன்னார். மாட்டெருவில் இவ்வளவு கிடையாது. இலை மென்மையானது, பாத்தியில் வெட்டிய கானில் பரப்பி மண்ணைத் தள்ளிவிட்டால், மழை நாளில் இரண்டு கிழமைக்குள் மக்கிவிடும். மொட்டு வைக்கும் முன் வெட்டினால் இன்னும் நல்லது, விதையும் பரவாது.

ஒரு பிழை செய்தேன், மற்றவர்கள் செய்ய வேண்டாம். அவசரத்தில் தடியோடு புதைத்துவிட்டேன். கணுவுக்குக் கணு துளிர்த்து, லீக்ஸ் பாத்தி முழுக்கச் சூரியகாந்தி! பிடுங்கிப் பிடுங்கி என் வீட்டுக்காரி ஏசியது இன்னும் காதில் இருக்கிறது. இலையையும் இளந்தண்டையும் மட்டும் எடுங்கள். தடி வெயிலில் நன்றாகக் காய்ந்தால் அடுப்புக்கு ஆகும். இதற்காக யாரும் புதிதாக நட்டுவிடவும் வேண்டாம், இருப்பதே போதும்.

வீதியைத் துப்புரவாக்குகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: வெட்டுவதற்கு முதல் நாள் லயத்துப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சாக்கோடு நாங்களே வந்து அள்ளிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை,
பண்டாரவளை